லீவுச் சாப்பாடு

பன்னுவைப் பட்டினி போட்டு வதைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனைச் சுற்றி இருந்தவர்களில் அவன் தட்டில் எதையும் கூடுதலாக வைக்காத ஆள் அண்ணி ஒருத்திதான். மற்ற எல்லோரும் வைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பன்னு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பிறக்கும்போதே கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு பிறந்தான், பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுடைய அண்ணனுக்குக் குச்சி என்று பெயர். அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. குச்சி வளர்ந்து பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆனார். பன்னு, பேரைக் காப்பாற்ற வேண்டாமா, ஒரு பேக்கரியில் கேக் மாஸ்டர் ஆனான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு. அம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனுடைய கண் மஞ்சளாகும் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்று திட்டக்கூட வழியில்லை, டீக்கு மேல் எதையும் தொடாத மனுஷன். இனி மருந்து கேட்காது, சொந்தத்தில் யாராவது தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்தால்தான் ஆள் தேறுவார் என்றார் டாக்டர். அண்ணி முதல் ஆளாகக் கையை நீட்டினாள். ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. பன்னுவுக்கு எல்லாமே பொருந்தியது, ஒன்றைத் தவிர.

"உங்க ஈரல்லயும் நீங்க வெண்ணெய் தடவி வெச்சிருக்கீங்க மாஸ்டர்," என்றார் டாக்டர், ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே.

உடம்பு இளைக்க வேண்டும். இளைத்தால் ஈரலில் படிந்த கொழுப்பு கரையும், கரைந்தால் அறுவை சிகிச்சை. வெட்டிக் கொடுத்த ஈரல் திரும்ப வளர்ந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று சிரித்த முகமாகச் சொன்னார். பன்னு தலையை ஆட்டிவைத்தான். பொங்கும் என்று நம்பி அடுப்புக்குள் தள்ளிய மாவு பொங்காமல் கல்லாகக் கிடந்ததை எத்தனையோ காலையில் பார்த்தவன் அவன். வளரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவனுக்குச் சந்தேகம்தான் வளரும்.

அப்புறம் டாக்டர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. பொருந்தலைன்னு நான் வெளியே சொல்லிக்கறேன். வேற யாருக்கும் தெரியப்போறதில்லை."

இதைவிட நல்ல வாசலை ஒரு மனுஷனுக்கு யார் திறந்துவிட முடியும்? பன்னுவுக்கு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவுக் கண்ணாடி வழியாக அம்மா கண்ணில் பட்டாள். பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் சட்டையில் விட்டுப்போன பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இஷ்டம்தான் டாக்டர்," என்றான் பன்னு. சொல்லி வாயை மூடுவதற்குள் வயிற்றைக் கலக்கியது.

பயம்தான், வேறென்ன. கத்தியை நினைத்தால் பயம். மயக்க மருந்து கொடுத்த பிறகு கண் திறக்காமலே போய்விட்டால் என்று பயம். செருப்பு வாரைக்கூடச் சரியாகப் போடத் தெரியாத மகளை நினைத்து பயம். ஆனால் கூடப்பிறந்தவன் சாகக் கிடக்கும்போது தம்பி பயப்படலாமா? அப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் பயத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் சொல்ல ஒரு சின்னப் பெண் இருந்தாள். வேகவைத்த காய், முட்டையின் வெள்ளை, காய்ந்த ரொட்டி என்று அடுக்கிக்கொண்டே போனவள், பன்னுவின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, வாரத்தில் ஒரு வேளை மட்டும் பிடித்ததைச் சாப்பிடலாம் என்றாள். அந்த ஒரு வேளைதான் அண்ணன் வீட்டு ஹாலில் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது.

அண்ணி ஒரேயடியாக மறுத்தாள். "மாத்திரை சாப்பிடறவங்க வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரைக்கு லீவு விடறாங்களா? இதுவும் வைத்தியம்தானே. இதுக்கு மட்டும் என்ன லீவு?"

பன்னுவின் மனைவி சாதாரணமாக அண்ணியை எதிர்த்துப் பேசமாட்டாள். அன்றைக்குப் பேசினாள். "அடக்கி அடக்கி வெச்சா ஒருநாள் மொத்தமா உடைச்சுக்கும் அக்கா. ஒரு வேளை பிடிச்சதைச் சாப்பிட்டா, மீதி நாளெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவாரு. அந்தப் பொண்ணு படிச்சுட்டுத்தானே சொல்லுது."

அம்மா, ஒரு வேளையில் என்ன ஆகிவிடப்போகிறது என்றாள். ஒரு வேளை என்று ஆரம்பிப்பது ஒரு வேளையோடு நின்றதாகத் தான் பார்த்ததில்லை என்றாள் அண்ணி. யார் பக்கம் நியாயம் என்றால் இரண்டு பக்கமும்தான். தின்னப்போகிறவன் நடுவில் உட்கார்ந்து பேசுகிறவர்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இந்த வீட்டில், எல்லோர் கண் முன்னாலும் ஒரு வேளை. அண்ணி கிண்டலுக்குச் சொன்ன சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது: லீவுச் சாப்பாடு.

லீவாம் லீவு. முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. பன்னுவுக்கு முன்னால் வறுத்த கோழியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும். எதிரில் அண்ணனுக்கு உப்பில்லாத சூப். அம்மா இவன் தட்டைப் பார்க்கிறாள், மனைவி இவன் வாயைப் பார்க்கிறாள். அண்ணி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, அவன் எத்தனாவது துண்டை எடுக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி தொண்டையிலேயே நின்றது. பாதியில் கையைக் கழுவிவிட்டு, போதும் என்று எழுந்துவிட்டான்.

அதைக் கவனித்தது மனைவி. பேக்கரி வேலை விடியற்காலையில் தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். வாரத்தின் நடுவில் ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று பொரித்து, மேலே சீஸைத் துருவிப் போட்டு வைத்திருந்தாள். கதவைத் தாழ் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு எதுவுமே இறங்கவில்லை, அதனால் அது கணக்கில் சேராது, அவனுடைய நிஜமான லீவு இதுதான் என்றாள். அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது.

அம்மா பேக்கரியின் பின்வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் டிபன் பாக்ஸ். "ஞாயித்துக்கிழமை நீ எலி மாதிரி கொறிச்சுட்டு எந்திரிச்சியே, எனக்கு மனசே ஆறலடா. அதெல்லாம் ஒரு லீவா? இந்தா, சாப்பிடு. யார்கிட்டயும் சொல்லிக்காதே." மாவு மூட்டைகளுக்கு நடுவில் நின்று அவன் தின்றான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளைக்குப் போடும் சோறு இன்னொரு பிள்ளையின் உயிரில் கைவைக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் தாங்கமாட்டாள், பாவம்.

அண்ணனும் சேர்ந்துகொண்டார் என்றால் நம்புவீர்களா? அவருக்கு அடிக்கடி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள், பன்னுதான் துணைக்குப் போவான். திரும்பும்போது எதிர்க் கடையில் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் வாங்கி அவன் பக்கம் தள்ளுவார். தன் வாயில் எல்லாமே மண்ணாக இருக்கிறது, நீ தின்பதைப் பார்த்தால்தான் கொஞ்சம் ருசி தெரிகிறது என்பார். எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் மனுஷன் ஆசையாகக் கேட்கும்போது எவன் கிண்ணத்தைத் திருப்பித் தள்ளுவான்?

ஆக ஒவ்வொருவரும் ஒரு லீவு கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தான் கொடுப்பது மட்டும்தான் லீவு என்று நினைத்தார்கள். ஒருத்தரிடம் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், இன்னொருத்தரைக் காட்டிக்கொடுக்க வேண்டிவரும். பன்னு நல்லவன், யாரையும் காட்டிக்கொடுக்கமாட்டான். போதாக்குறைக்குப் பேக்கரி வேறு. பெரிய தட்டுக் கேக்கைச் சதுரமாக வெட்டும்போது நாலு ஓரமும் மிஞ்சும். ஈரம் சரியாக இருக்கிறதா, சர்க்கரை தூக்கலா என்று அந்த ஓரத்தைத் தின்றுதான் மாஸ்டர் சொல்ல வேண்டும். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள் என்றாள் ஆஸ்பத்திரிப் பெண். கேக்கைத் துப்புகிற வாய் அவனுக்கு வாய்க்கவில்லை.

இதெல்லாம் சாக்கு. அது அவனுக்கும் தெரியும். தின்னும் நேரத்தில் மட்டும்தான் வயிற்றுக்குள் இருந்த அந்தக் கலக்கம் அடங்கியது. அதோடு இன்னொரு நினைப்பும் உண்டு: கொழுப்பு கரையாவிட்டால் கத்தி இல்லை. அந்த நினைப்பை அவன் முழுசாக ஒரு தடவைகூட நினைத்ததில்லை. எட்டிப் பார்த்ததும் வாயில் எதையாவது போட்டு அமுக்கிவிடுவான்.

தெருவில் நடக்கவே முடியவில்லை. மருந்துக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா, நீங்கள் மனுஷனே இல்லை, தெய்வம் என்றார். மகளுடைய டீச்சர் வகுப்பில் அவனைப் பற்றிச் சொல்லி எல்லாப் பிள்ளைகளையும் கைதட்ட வைத்தாராம். மகள் வந்து சொன்னபோது அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. தெய்வமாகிவிட்டவன் எந்த வாயால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வான்? வீட்டுக்கு வந்து சீஸ் போட்ட உருளைக்கிழங்கைத் தின்றான்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்பு ஆடாமல் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. டாக்டர் குழம்பிப்போய் வேறு என்னென்னவோ ரத்தப் பரிசோதனை எழுதினார். ஆஸ்பத்திரிப் பெண் ரொட்டியையும் நிறுத்தினாள். அண்ணி ஒரு எடை மெஷின் வாங்கிவந்து ஹாலில் வைத்தாள். அவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அதில் ஏறச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவதுபோலச் சொன்னாள். அதுதான் அவனை அறுத்தது. இன்னொரு தடவை ஸ்கேன், இன்னொரு தடவை அதே பதில். இதற்குள் அண்ணனுக்குக் கால் வீங்கிவிட்டது. வகுப்பில் நிற்க முடியாமல் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு போட்டுவிட்டார். அவருடைய உடம்பு கத்தியைத் தாங்கும் நிலை இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான், அடுத்த ஸ்கேனிலும் இப்படியே இருந்தால் தம்பியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாப்பாட்டு மேஜையில் அண்ணனுடைய சூப்பைத் தவிர எதையும் வைக்கவில்லை. சமையல் முடிந்து பாத்திரமெல்லாம் உள்ளேயே மூடிக் கிடந்தது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு சொன்னாள், இனிமேல் லீவுச் சாப்பாடு கிடையாது என்று. யார் மேலும் குற்றம் இல்லை, ஆனால் வேறு எங்கேயும் ஓட்டை இல்லாதபோது இந்த ஒரு வேளைதான் காரணமாக இருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே தான் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதைப் பன்னுவின் மனைவியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க மேல தப்பு இல்லை அக்கா. நான்தான். வாராவாரம் வீட்ல தனியா ஒரு லீவு கொடுத்தேன். ஒரு வேளைதானேன்னு."

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "நீயுமா?" என்று கேட்டபிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவளுக்கு உறைத்தது. டிபன் பாக்ஸ் கதை வெளியே வந்தது. வேறு சமயமாக இருந்தால் அந்த வீடே சிரித்திருக்கும். மாமியாரும் மருமகளும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒரே வாயில் ஊட்டியிருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா பெரிய பிள்ளையின் வீங்கிய காலைப் பார்த்தாள். அப்போதுதான் எல்லாம் புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னையும் சேர்த்துக்கோங்க," என்றார் அண்ணன். "ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது நான்."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களுமா? தெரியாமயா செஞ்சீங்க?"

"தெரிஞ்சுதான்." சூப் ஸ்பூனைக் கீழே வைத்தார். "அன்னிக்கு டாக்டர் ரூம்லேர்ந்து வெளியே வந்தப்பவே அவன் மூஞ்சியைப் பார்த்தேன். வேண்டாம்னு சொல்ல அவனுக்கு வாய் வராது. சின்ன வயசுலேர்ந்தே வராது. ஸ்கேனே முடியாதுன்னு சொல்லிட்டா, அவன் வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்லையே."

அண்ணனை ஏமாற்றிவிட்டு அந்த ஐஸ்கிரீமைத் தின்கிறோம் என்றுதான் பன்னு இத்தனை நாளும் குறுகிக்கொண்டிருந்தான். அண்ணன் தன் உயிரையே கரண்டி கரண்டியாக அவன் பக்கம் தள்ளியிருக்கிறார், ருசி தெரிகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு. அழுகை வந்தது. வெட்கம் வந்தது. கூடவே, சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், அண்ணன்மேல் கோபமும் வந்தது. இனி ஒளிய இடமே இல்லாமல் செய்துவிட்டாரே.

"பயமா இருக்கு," என்றான். "ரொம்பப் பயமா இருக்கு. முதல் நாள்லேர்ந்தே."

அண்ணி சமையலறைக்குள் போனாள். பாத்திரம் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில் ஒரு பெரிய தட்டு. வறுத்த கோழி, வெண்ணெய் ரொட்டி, பொரித்த உருளைக்கிழங்கு, எல்லாம். அதை அவன் முன்னால் வைத்தாள். இத்தனை ஞாயிறில் அவள் கையால் அவனுக்கு லீவுச் சாப்பாடு வைத்தது அதுதான் முதல் தடவை.

"சாப்பிடுங்க தம்பி. இனிமே யாரும் உங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கமாட்டோம். மெஷினையும் எடுத்துடறேன்."

குத்திக்காட்டிச் சொன்னாளா என்றால் இல்லை. கோபம் துளிக்கூட இல்லை. நாற்காலியை இழுத்து முதல் தடவையாக அந்த மேஜையில் உட்கார்ந்தாள். அண்ணனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பன்னு என்ன தின்கிறான், எவ்வளவு தின்கிறான் என்று அந்த வீட்டில் ஒரு ஜோடிக் கண்கூடப் பார்க்கவில்லை.

இதுதானே அவன் கேட்டது? லீவு என்றால் இதுதான் லீவு. வாசல் விரியத் திறந்து கிடந்தது. எழுந்து போனால்கூட யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒரு துண்டுக் கோழியைப் பிய்த்து வாயில் போட்டான். நல்ல பக்குவம், அண்ணியின் கை எப்போதும் அப்படித்தான். மென்றான், மென்றுகொண்டே இருந்தான், விழுங்க வரவில்லை. எதிரில் அண்ணனுடைய சூப் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அண்ணியின் மடியில் கிடந்த அந்தக் கை வெறும் குச்சியாக இருந்தது.

வாயில் இருந்ததைத் தட்டின் ஓரத்தில் துப்பினான். வாழ்நாளில் அவன் துப்பிய முதல் உருப்படி அதுதான்.

"அண்ணி, அந்தக் காய் இருக்கா? வேக வெச்சது."

அண்ணி அவனையே பார்த்தாள். "பயம் போயிடுச்சா?"

"இல்லை அண்ணி. அப்படியேதான் இருக்கு. அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

அண்ணன் வேண்டாம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீ சும்மா இரு அண்ணா என்று பன்னு அதட்டினான். அண்ணனை அவன் அதட்டியதும் அதுதான் முதல் தடவை. அண்ணி உள்ளே போய், எப்போதும் அவனுக்காக வைக்கும் சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். பெரிய தட்டை அம்மா எடுத்துக்கொண்டு போனாள்.

காய் ஆறிப்போயிருந்தது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வயிற்றுக்குள் அந்தக் கலக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை அமுக்க இந்தக் காயால் ஆகாது. இனி ஒவ்வொரு நாளும் அதோடுதான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தான். பசி அடங்கவில்லை. கிண்ணத்தை நீட்டினான்.

அண்ணி கிண்ணத்தை வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதான் தம்பி," என்றாள். "அளவு அவ்வளவுதான்."